சைக்கிளோடு பறப்பதா, போய் வாடகைக்கு எடுப்பதா?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: சொந்த வண்டியை விமானத்தில் கொண்டுபோவதா, போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதா? ஒரு வாரம் என்றால் வாடகை, மாதக்கணக்கில் என்றால் சொந்த வண்டி. இது என் கணக்கு.

முதல் பயணத்தில் சொந்த வண்டியைத்தான் கொண்டுபோனேன். முந்தின இரவு வண்டியை அட்டைப்பெட்டியில் அடைக்கப் பெடலைக் கழற்ற உட்கார்ந்தேன். வலது பெடல் சுலபமாக வந்துவிட்டது. இடது பெடல் திருகத் திருக இறுகியது. அதன் மரை தலைகீழ்! கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இடது பெடல் மட்டும் தலைகீழ்.

சரி, போய் இறங்கினேன். அட்டைப்பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. வண்டியில் கீறல்கூட இல்லை. கழற்றியதையெல்லாம் மாட்டி ஓட்டினேன். முதல் மேட்டில் கியரைக் குறைத்ததும் பின்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். குனிந்து பார்த்தால், பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்து, கியர் போய்ச் சக்கரக் கம்பியில் உரசுகிறது. விரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு அது. அடிபட்டால் வண்டியின் சட்டத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு, பதிலாக அது வளையட்டும் என்றே மென்மையாகச் செய்கிறார்கள். சட்டத்துக்குச் சட்டம் வடிவம் மாறும், கடையில் கேட்டவுடன் கிடைக்காது. எனக்கு இரண்டு நாள் போயிற்று. அதனால் பின் கியரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள். உதிரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும்.

வாடகை வண்டியில் இந்தப் பாடு கிடையாது. ஆனால் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே திருப்பித் தரச் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு பாதையைப் போடுங்கள். அப்புறம் சீட். வேறொருவருக்குப் பழகிய சீட்டில் நாள் முழுக்க உட்கார முடியாது. சொந்த சீட்டையும் பெடலையும் எடுத்துப் போங்கள், பையில் ஒரு மூலை போதும். வீட்டு வண்டியில் இரண்டு பெடல் தண்டுகளும் சேர்ந்து சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓர் அளவு முழங்காலைக் காப்பாற்றும்.

நேரமாயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டே விஷயம். மின்சார சைக்கிள் வேண்டுமென்றால் வாடகைதான், அதன் பேட்டரி பெரும்பாலும் பெரிது, கொள்ளளவு 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இன்னொன்று பிரேக். பிரிட்டனில் வலது கை முன்சக்கரத்துக்கு, ஜெர்மனியில் பெரும்பாலும் இடது கை. கடை வாசலிலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். வணக்கம்.