அண்ணை, ஸ்ராண்ட்!

நேயர்களுக்கு வணக்கம்.

கொக்குவிலில் சின்னதொரு கராஜ் வைத்து மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன் நான். 1993இல், பதினைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தேன். வானொலி நிலையத்தார் என்னைக் கூப்பிட்டு, மோட்டார் சைக்கிள் ஓடுகிற ஆட்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது கதையுங்கோ என்று கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இரண்டு சொல்தான். "அண்ணை, ஸ்ராண்ட்!"

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற யாருக்கும் இந்தச் சத்தத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஸ்ராண்டை மடக்க மறந்து வெளிக்கிட்டுவிடுவோம். எங்கிருந்தோ ஒரு குரல் வரும். மீன்பெட்டி கட்டின சைக்கிளில் வருகிற ஐயாவாக இருக்கலாம், பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவாக இருக்கலாம், ரியூசன் முடிந்து வருகிற பெடியனாக இருக்கலாம். எங்களை அவர்களுக்குத் தெரியாது. காலால் ஒரு தட்டுத் தட்டி ஸ்ராண்டை மேலே விட்டுவிட்டு, கையை உயர்த்திக் காட்டிப் போய்விடுவோம்.

அந்தக் குரல் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். ஸ்ராண்ட் இருப்பது இடப்பக்கம். நேராக ஓடும்வரை அது நிலத்தில் முட்டாது, அதனால் உங்களுக்குத் தெரியவும் வராது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டி இடப்பக்கம்தான் சரியும். அப்போது ரயருக்கு முதல் ஸ்ராண்டின் நுனி தாரில் குத்தும். பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பும், வண்டி உங்களை எறிந்துவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஸ்ராண்ட் கீழே இருந்தால் கியர் போட்டவுடன் எஞ்சின் நிற்கிற மாதிரி சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற பழைய ஹொண்டாக்களில் அது இல்லை.

என் அக்காவின் மகன் அப்படித்தான் விழுந்தான். கடையில் பாண் வாங்கிவிட்டு, பையைக் கைபிடியில் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டவன், ஒழுங்கை முடக்கில் திரும்பினான், அவ்வளவுதான். காறை எலும்பு முறிந்தது. பாண் ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம். ஹெல்மெட் தலையில் இருந்தது, வார் பூட்டவில்லை. தலை அடிபடாதது கடவுள் புண்ணியம். பிறகு நான் அந்தக் கடைக்குப் போனபோது கடைக்காரர் மெல்லச் சொன்னார்: "நான் கண்டனான் அண்ணை. சொன்னால் பெடியன் கோவிப்பானோ எண்டு விட்டிட்டன்."

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த வசனம் இன்றுவரைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. சொன்னால் கோவிப்பானோ என்று நாங்கள் நினைக்கத் தொடங்கிய காலம் எது? அதற்கு முதல் எங்கள் ரோட்டில் ஆரும் ஆருக்கும் சொல்வார்கள். "தங்கச்சி, சோல் சில்லுக்கை போகுது!" "அக்கா, முந்தானை!" "தம்பி, பின் ரயரிலை காத்தில்லை!" பகலில் லைற் எரிந்தால் எதிரே வருகிறவர் ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடிக் காட்டுவார். ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகிற ஒரு ரீச்சர் சொன்னார், சேலைத் தலைப்பு சில்லுக்குள் போகப்போனதை மூன்று தரம் வழியில் போன சனம்தான் சத்தம் போட்டுத் தடுத்தது என்று. மூன்று தரமும் வேறு வேறு ஆட்கள்.

என் கராஜ் வாசலில் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஒரு சீமெந்துக் கட்டும் இருக்கின்றன. வண்டி திருத்தி முடியும்வரை எல்லாரும் அதில்தான் இருப்பார்கள். ஓட்டம் பற்றிய படிப்பு அங்கேதான் நடக்கிறது, அதுவும் பகிடியாகத்தான். "மச்சான், நீ வாறது ரெண்டு சந்திக்கு அங்காலையே கேக்குது, செயினை இறுக்கு" என்பார் ஒருவர். எம்.டி. 90 வைத்திருக்கிறவர் விடமாட்டார்: "எங்கடையதுக்குப் பெற்றோலை மணக்கக் காட்டினால் காணும், நீ பம்பை விலைக்கு வாங்கி வைச்சிரு." அந்த எம்.டி. 90 ஜப்பானில் தபாற்காரர் கடிதம் கொண்டுபோகச் செய்த வண்டி. கிளச் கைபிடி இல்லை, காலால் கியரை மிதித்தால் போதும். நின்று நின்று போகிற வேலைக்கென்று செய்தது எங்கள் ஒழுங்கைகளுக்கும் பொருந்திப் போனது.

பகிடியோடு பிழையான புத்தியும் பரவும், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சீமெந்துக் கட்டில் நான் ஆகக் கூடுதலாக வாதாடியது முன்பிறேக்குக்காக. "முன்பிறேக்கைப் பிடிச்சால் குத்துக்கரணம் அடிக்கும், அதிலை கை வைக்காதை" என்று தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மகன் வாழ்நாள் முழுக்கப் பின்பிறேக்கை மட்டும் மிதிக்கிறான். என்னிடம் வருகிற வண்டிகளில் பின்பிறேக் சூ தேய்ந்து தகடாக இருக்கும், முன்பிறேக் வாங்கின நாள் மாதிரி இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பயம் வரும். பிறேக் போடும்போது பாரம் முழுக்க முன்னுக்குச் சாய்கிறது. முன்ரயர் நிலத்தில் அமர்ந்து பிடிக்கும், பின்ரயர் பாரமிழந்து வழுக்கும். ஆகவே வண்டியை நிற்பாட்டுவதில் பெரும்பங்கு முன்பிறேக்குக்குத்தான். எட்டிப் பறிக்கிற மாதிரிச் சட்டென்று பிடித்தால் விழுத்தும் என்பது உண்மைதான். பழத்தைப் பிழிகிற மாதிரி மெல்லத் தொடங்கி இறுக்கவேண்டும், இரண்டு பிறேக்கும் சேர்த்து. மணலிலும் முடக்குக்குள்ளும் மட்டும் முன்பிறேக்கில் கவனம். முடக்கு வருமுன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டால் உள்ளே பிறேக் தேவைப்படாது. 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் 14 மீற்றர் போய்விடுவோம். முந்தி கதியால் வேலிக்கு மேலால் எதிரே வருகிறவரின் தலையாவது தெரிந்தது. இப்போது முடக்குக்கு முடக்கு உயரமான மதில். அந்த 14 மீற்றருக்குள் ஒரு ஆட்டுக்குட்டியும் நிற்கலாம், ஒரு குழந்தையும் நிற்கலாம். முன்பிறேக் பழகாதவர்கள் ஞாயிறு காலையில் வெறும் மைதானத்தில் மெல்லிய வேகத்தில் பத்துத்தரம் பிடித்துப் பாருங்கள். கை தானாகப் பழகிவிடும்.

இரண்டாவது, செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றுவது. சும்மா கிடைக்கிறது என்று ஊற்றுகிறார்கள். அதற்குள் எஞ்சின் கழித்த கரியும் இரும்புத்தூளும் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைத் தூசியும் சேர்ந்தால் அது அரத்தூள். செயினையும் பல்லுச்சில்லையும் சேர்த்துத் தின்றுவிடும். 90ஆம் நம்பர் கியர் ஒயில் கொஞ்சம் போதும். ஓடிவந்த சூட்டோடு துடைத்துவிட்டுப் போடுங்கள், காலையில் வெளிக்கிடும்போது அல்ல. கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஒரு அங்குலம் அளவில் ஆடவேண்டும். கம்பி மாதிரி இறுக்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் ஏறி இருந்தவுடன் அது இன்னும் இறுகி, பெயரிங்கைக் கொல்லும்.

தீவுப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணைக் கடற்பாதையால் நாளும் வருகிற வண்டியை நான் றிம்மைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சோளகம் எழும்பினால் உப்புத்தூவல் போர்த்துவிடும். கிழமைக்கு ஒருதரமாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது, தானாகக் காயவிட்டால் வெள்ளை படியும், ஆகவே துணியால் ஒற்றவேண்டும். அதே பாதையில் காற்று பக்கத்தால் தள்ளும்போது கைபிடியை நெரிக்காதீர்கள். முழங்காலால் பெற்றோல் ராங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளரவிட்டால் வண்டி தானே சமாளிக்கும். பஸ் ஒன்று பக்கத்தால் போகும்போது காற்று மறைந்து, அது கடந்தவுடன் அறைகிற மாதிரித் திரும்பி வரும். வல்லை வெளியிலும் இதுதான். அந்த அடியை முதலே எதிர்பார்த்திருங்கள்.

நான் வேலை பழகின காலத்தில் இங்கே பெற்றோல் இல்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகை, கண்ணெரிவு, இரண்டு நாளைக்கு ஒருதரம் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது. (மின்சாரமும் இல்லாத காலம் அது. சைக்கிள் சில்லைக் கையால் சுற்றி டைனமோவில்தான் வானொலி கேட்டோம். இன்றைக்கு அதே வானொலியில் கதைப்பது எனக்குச் சின்ன விசயமல்ல.) எத்தனை துளி விடுவது, எந்தச் சத்தம் வந்ததும் மாற்றுவது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவருக்குச் சொன்னார், அவர் அடுத்தவருக்குச் சொன்னார். ஊர் ஓடினது அப்படி.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோதும் அதைத்தான் கண்டேன். கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது, பெற்றோல் செற் வாசல் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஆட்கள் எப்படி மிச்சம் பிடிப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரயரில் காற்றைச் சரியாக வையுங்கோ, பிறேக் உரசுதோ என்று சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கோ, எயர் கிளீனரைத் தட்டுங்கோ. எல்லாம் சரியான புத்தி. வரிசை போனவுடன் அந்தக் கதையும் போய்விட்டது எனக்குக் கவலை.

இன்னொன்று, பொலிஸ் நிற்கிறது என்று லைற் அடித்துக் காட்டுவது. ஹெல்மெட் போடாமல் வருகிற பெடியன் அதைக் கண்டு ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவான். அவனுக்கு உதவி செய்தோம் என்று நினைக்காதீர்கள். லைற்றுக்குப் பதிலாக, நிற்பாட்டி, "தம்பி, ஹெல்மெட்டைக் கையிலை கொழுவாதை, தலையிலை போட்டு வாரைப் பூட்டு" என்று சொல்லுங்கள். முறைப்பான். முறைக்கட்டும். அதேபோல இரவில் ஏ9 வீதியால் வருகிறவர்களுக்கு, பரந்தன் பக்கம் மாடு படுத்திருக்கிறது என்று தேத்தண்ணிக் கடையில் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். தாரில் பகல் சூடு தங்கியிருக்கும், மழை நாளில் அதுதான் காய்ந்த இடம், ஆகவே மாடு அங்கேதான் படுக்கும். கறுப்பு மாடு கடைசி நொடிவரை லைற்றில் தெரியாது.

என் மருமகனுக்கு எலும்பு பொருந்திவிட்டது, இப்போது நன்றாக ஓடுகிறான். அந்தக் கடைக்காரர் மாறிவிட்டார். சாமான் நிறுத்துக்கொண்டிருந்தாலும் கண் ரோட்டில்தான். கடையை விட்டு வெளிக்கிடுகிற ஒவ்வொரு வண்டியின் இடப்பக்கத்தையும் பார்க்கிறார். போன கிழமை நான் அந்த வழியால் போனேன். தராசுத் தட்டைக் கையில் வைத்தபடியே வாசலுக்கு ஓடிவந்து கத்தினார்: "அண்ணை, ஸ்ராண்ட்!"

குனிந்து பார்த்தேன். ஸ்ராண்ட் மேலேதான் இருந்தது. கையை உயர்த்திக் காட்டிவிட்டு, முடக்கில் மெல்லத் திரும்பினேன்.

வணக்கம்.