வெளியூர்க்காரர்கள் காத்த மொழி

நேயர்களுக்கு வணக்கம்.

இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் பெருங்காவியத்தை இத்தாலிய மொழியில் எழுதினார். அதன் இரண்டாம் பகுதி, 26-ஆம் காண்டத்தில், தீயில் நின்று பாவம் கழுவிக்கொண்டிருக்கும் கவிஞர் ஒருவர் வாய் திறக்கிறார். பெயர் அர்னாவுத் தனியேல். அவர் பேசும் எட்டு அடிகளும் இத்தாலியம் அல்ல. அவருடைய சொந்த மொழியான ஒக்சித்தான். தாந்தே அதற்கு உரை எதுவும் சேர்க்கவில்லை. படிப்பவர்களுக்குப் புரியும் என்று நினைத்திருக்கிறார் பாருங்கள்!

தென் பிரான்ஸில் பிறந்த மொழி இது. ரோமானியர் அங்கே நர்போன் நகரை நிறுவியது கி.மு. 118-இல். வடக்கே சீசர் படையெடுத்ததோ அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான். ஆகவே தெற்கில் லத்தீன் முன்னதாகவே வேரூன்றிவிட்டது. அதுவும் ஏட்டு லத்தீன் அல்ல, சந்தையிலும் படைவீட்டிலும் புழங்கிய பேச்சு லத்தீன். பின்னாளில் பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் பெரும்பாலும் வடக்கிலேயே குடியேறியதால், தெற்கத்திய உச்சரிப்பு அவ்வளவாக மாறவில்லை. கடலைக் குறிக்கும் லத்தீன் 'மாரே' இங்கே 'மார்' ஆனது. வடக்கே பிரெஞ்சில் 'மேர்' ஆகிவிட்டது.

12-ஆம் நூற்றாண்டில் துரூபதூர் என்ற பாடல் கவிஞர்கள் இம்மொழியைப் பிரபுக்களின் அவைகளுக்குக் கொண்டுபோனார்கள். பெண்களும் பாடினார்கள். தியா சீமாட்டியின் ஒரு பாட்டு மெட்டோடு இன்றும் கிடைக்கிறது.

1209-இல், தெற்கில் பரவியிருந்த மாற்றுச் சமயப் பிரிவினரை ஒடுக்க வந்த சிலுவைப் படை அங்குள்ள பெசியே நகரைச் சூறையாடியது. மொழி அத்தோடு செத்தது என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நொடித்துப்போனவர்கள் கவிஞர்களை ஆதரித்த பிரபுக்கள். பாட்டுக்காரர்கள் பிழைப்புத் தேடி இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனார்கள்.

அங்கே ரசிகர்கள் தயாராக இருந்தார்கள். படைக்கு முன்பே, சுமார் 1200-இல், ரைமோன் விதால் என்ற கட்டலோனியக் கவிஞர் இம்மொழியில் பிழையின்றிப் பாட்டுக் கட்டுவது எப்படி என்று நூல் எழுதிவிட்டார். கதைக்குப் பிரெஞ்சு, பாட்டுக்கு இதுதான் என்பது அவர் தீர்ப்பு. ஏறக்குறைய 1240-இல் ஊக் பைதித் என்பவர் இம்மொழிக்கு இலக்கணம் எழுதியதோ இத்தாலியில், இரண்டு இத்தாலியப் பிரபுக்கள் கேட்டதற்காக. இயைபுத் தொடைக்கென்று சொற்பட்டியலே அதில் உண்டு. நமக்குக் கிடைத்திருக்கும் பாடல் ஏடுகளிலும் பல இத்தாலியில் படியெடுக்கப்பட்டவை.

இன்றைக்கும் ஒக்சித்தான் பிரான்ஸில் ஆட்சிமொழி இல்லை. அந்தத் தகுதியைத் தந்திருப்பது ஸ்பெயினின் கட்டலோனியா. அங்கே ஆரான் பள்ளத்தாக்கில் பள்ளிப் பாடமே அதில் நடக்கிறது.