"ஏன் எதிர்க்கவில்லை?" என்று கேட்பதற்கு முன்

[காட்சி: பிர்கெனாவ் முகாம் வாசல், தண்டவாளம்]

"அத்தனை பேர் இருந்தார்களே, ஏன் திருப்பி அடிக்கவில்லை?" இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் நாஜிகள் யூதர்களை அடைத்த வதை முகாம்களைப் பற்றிப் பேசினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றான, போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். சரி, அங்கே முதல் நாள் எப்படிப் போனது என்று பார்ப்போம்.

பூட்டிய சரக்கு ரயிலில், தாகத்தில், நாட்கணக்கில் வந்தவர்கள் இறங்குகிறார்கள். முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.-இன் மருத்துவர் கையசைக்கிறார். குழந்தைகளும் தாய்மாரும் வயதானவர்களும் ஒரு பக்கம். குளிக்கப் போகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்வார்கள். துணி மாட்டிய கொக்கியின் எண்ணை மறக்காதீர்கள், திரும்பி வந்து எடுக்க வேண்டும் என்பார்கள். போன இடம் விஷவாயு அறை. அவர்களை வரிசையில் நடக்க வைத்தது கோழைத்தனம் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டலாம் என்ற நம்பிக்கை.

[காட்சி: பச்சை குத்திய முன்கை]

வேலைக்குத் தேர்ந்தவர்களுக்குத் தலைமுடி போகும், உடை போகும், பெயரும் போகும். கையில் ஓர் எண். அதை ஜெர்மனில் கூப்பிடுவார்கள். புரியாமல் நின்றால் அடி.

அப்புறம் 'அப்பெல்', அதாவது ஆள் எண்ணும் வரிசை. காலையும் மாலையும், பனியிலும். கணக்கு நேராகும்வரை யாரும் அசையக்கூடாது. இரவில் செத்தவரையும் தூக்கிவந்து கிடத்த வேண்டும். அவரும் கணக்கில் உண்டு. கோல் பிடித்து நிற்கும் 'காப்போ', அதாவது மற்றக் கைதிகளைக் கண்காணிக்க எஸ்.எஸ். நியமித்தவர், அவரும் ஒரு கைதிதான். மெதுவாக அடித்தால் அவர் பதவி போய்விடும். ஒருவர் தப்பினால் மற்றவர்களைக் கொல்வதும் உண்டு. அதனால் ஓட நினைப்பவருக்குத் தன் உயிரைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவரின் உயிர்தான் பெரிய பயம்.

[காட்சி: இடிந்த தகன உலை]

இவ்வளவுக்கும் பிறகும் எதிர்த்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த யூதப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெடிமருந்தை உடைக்குள் ஒளித்துக் கடத்தினார்கள். பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட 'சோண்டர்கமாண்டோ' கைதிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர்கள் 1944 அக்டோபர் 7 அன்று கிளர்ந்தெழுந்து நான்காம் தகனக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 450 பேர் மடிந்தார்கள்.

வெடிமருந்து கடத்தலில் பங்கெடுத்த பெண்களில் நால்வர் பிடிபட்டார்கள். அவர்களில் ரோசா மட்டும் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் இல்லை. ரோசா ரோபோட்டா, ஆலா கெர்ட்னர், ரெகினா சஃபிர்ஸ்டைன், எஸ்டெரா வைஸ்ப்ளம். 1945 ஜனவரி முதல் வாரத்தில் மற்றக் கைதிகள் பார்க்க அவர்களைத் தூக்கிலிட்டார்கள். ஜனவரி 27 அன்று சோவியத் படை முகாமுக்குள் நுழைந்தது.