அட்டை முந்தியா, ஆள் முந்தியா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பாதி தாண்டினால் கும்பகோணம் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வாசல்களில் ஓர் அட்டை தொங்கும். ‘விற்பனைக்குப் பெண்கள் தேவை. நேரில் வரவும்.’ கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலத்திலிருந்தே எனக்கு அந்த அட்டை மேல் ஒரு கண். டெல்டாவுக்கு அந்த வருஷம் எப்படிப் போகிறது என்பதை, மேட்டூர் நீர்மட்டத்துக்கு அடுத்தபடியாக, அதுதான் எனக்குச் சொல்லும்.

அமெரிக்காவில் இப்படி அட்டை பார்த்து அலைய வேண்டியதில்லை. அங்கே கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ஒவ்வொரு கவுண்டியிலும் சில்லறைக் கடைகளில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு வந்துவிடும். வேலையிழந்தவர்களுக்கான காப்பீட்டுக்காக முதலாளிகள் கொடுக்கும் விவரத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். இங்கே வைப்புநிதிச் சட்டமே 20 பேர் இருந்தால்தான் கட்டாயம். நாலு பேர் நிற்கும் பாத்திரக்கடை எந்த ஏட்டில் ஏறும்?

சரி, அட்டைக்கு வருவோம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்றைக்குத் திறந்தால் குறுவை புரட்டாசி வாக்கில் அறுவடைக்கு வரும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் தீபாவளிக்கு முன்னால் கணக்கில் ஏறும். கடைக்காரருக்கு இதெல்லாம் மனப்பாடம். கடைமடைக்குத் தண்ணீர் போய்விட்டதா என்று விசாரித்துவிட்டுத்தான் சீசனுக்கு எத்தனை ஆள் என்று முடிவு செய்வார். 2023-ல் ஜூன் 12 திறந்த அணையை இருப்பு இல்லாமல் அக்டோபர் 10-ம் தேதி மூடினார்கள். அந்தத் தீபாவளிக்கு எனக்குத் தெரிந்த கடையில், இருக்கிற ஆளே போதும் என்று அட்டையைக் கழற்றிவிட்டார்கள்.

ஆக, கடையில் ஆள் கூடினால் நல்ல காலம், குறைந்தால் கெட்ட காலம். வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்தினேன். கஜா புயல் வந்து அதைத் திருத்தியது. 2018 நவம்பர் 16. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கன்று வைத்தால் காய்க்கப் பல வருஷம் ஆகும். மட்டை உரித்து, கீற்று முடைந்து பிழைத்த வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? கடைக்கு வந்தார்கள். அட்டை எதுவும் தொங்காமலே வந்தார்கள், கொடுக்கிற சம்பளம் போதும் என்றார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் ஆள் கூடியது, ஆனால் அது செழிப்பினால் அல்ல.

அதிலிருந்து நான் தலையை மட்டும் எண்ணுவதில்லை. கடை ஆளைத் தேடுகிறதா, ஆள் கடையைத் தேடுகிறதா என்று பார்க்கிறேன். நல்ல வருஷத்தில் முதலாளி புலம்புவார்: “தை பிறந்தா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது சார், வீட்டுல அறுப்புன்னு போயிடுதுங்க.” அந்தப் புலம்பலைக் கேட்டால் எனக்கு உள்ளூர சந்தோஷம். (அவரிடம் சொன்னதில்லை.)

போன மாதம் புடவை எடுக்கப் போனபோது கவுன்ட்டரில் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

“ஏம்மா, புதுசா எத்தனை பேரு?”

“ஏழு பேரு சார். நாலு பேரு எங்க ஊருதான். நடவுக்கு மெஷின் வந்துடுச்சுல்ல.”

காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். கவுன்ட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தேன், ஸ்டூல் இருந்தது. அதன் மேல் பிரித்துக் காட்டிய புடவைகள் அடுக்கியிருந்தன.

“உட்கார மாட்டியா?”

“புடவைதான் சார் உக்காந்திருக்கு” என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தாள்.

வெளியே வரும்போது வாசலைப் பார்த்தேன். அட்டை இல்லை. உள்ளே ஏழு புது ஆள்.

வணக்கம்.