தரைக்குள் ஒரு பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் முப்பது வருஷமாக வயரிங் வேலை செய்து வருகிறேன். இன்று நான் பேச வந்திருப்பது, வீட்டுத் தோட்டத்திலும் கோயில் வளாகத்திலும் புல்லுக்கடியில் புதைத்து வைக்கிறோமே, அந்தப் பெட்டியைப் பற்றி. விளக்குக்குப் போகும் கேபிளை இணைக்க ஒன்று வைப்போம், செடிகளுக்குத் தண்ணீர் விடும் வால்வுகளுக்கு ஒன்று வைப்போம். கடையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

பல வருஷங்களுக்கு முன், ஒரு தீபாவளி மாலை. சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தோட்டத்து விளக்குகளைப் போட்டாலே, மின்சாரம் கசிந்தால் தானாக அணைந்துவிடும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்துவிடுகிறதாம். போய் மூடியைத் திறந்தேன். பெட்டி நிறையத் தண்ணீர், நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட். வைத்தவன் நான்தான். தண்ணீர் புகாது என்பதற்கான ஐ.பி. 67 குறி போட்டிருந்த நல்ல பெட்டிதானே என்று நம்பி, ஜாயிண்ட்டுக்கு வெறும் டேப் போதும் என்று விட்டிருந்தேன். "இன்றைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் அந்தச் சுவிட்சை விட்டு நேராகக் கொடுத்துவிடு தம்பி, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்" என்றார் அந்த வீட்டு ஐயா. ஈரப் புல்லில் பிள்ளைகள் வெறுங்காலோடு மத்தாப்பு பிடித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மறுத்துவிட்டேன். அவருக்கு மனவருத்தம்தான். ஆனால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற அந்தச் சுவிட்ச்தான் அன்று அந்தப் பிள்ளைகளுக்குக் காவல்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்த பெட்டி. நம் தோட்டத்தில் அது கிடப்பதோ வருஷக்கணக்கில். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெட்டி மூச்சு விடும். பகல் வெயிலில் உள்ளே காற்று 50 டிகிரிக்குச் சூடேறி விரிந்து, கிடைத்த இடுக்கில் கொஞ்சம் வெளியேறும். திடீரென்று மழை கொட்டி அது 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். அந்த உறிஞ்சல், பெட்டியை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முக்கியதற்குச் சமம். மூடியைச் சுற்றி நிற்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். போதாததற்குக் கேபிள் வரும் குழாய் வழியாகவும் தண்ணீர் வந்து சேரும். உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, ஏனென்றால் அது நல்ல பெட்டி!

அதனால் நான் இப்போது தேர்ந்தெடுப்பது அடி இல்லாத பெட்டி. ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் ஜல்லி கொட்டி, அதன்மேல் உட்கார வைப்பேன். தண்ணீர் வரட்டும், ஜல்லி வழியே இறங்கிப் போகட்டும். காக்க வேண்டியது ஜாயிண்ட்டை. இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கல்லாக இறுகும் ரெசின் ஜாயிண்ட் கிட் கடைகளில் கிடைக்கிறது. பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள். குழாய் வாய்களையும் அடைத்துவிடுங்கள், எறும்பும் வராது.

தண்ணீர் வால்வும் 230 வோல்ட் கேபிளும் ஒரே பெட்டியில் வேண்டவே வேண்டாம். வால்வைத் திறந்து மூடும் வயரில் வருவது பெரும்பாலும் 24 வோல்ட்தான். அது வால்வோடு இருக்கலாம், ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டால் போதும். வால்வைச் சுத்தம் செய்யத் தோட்டக்காரர் ஈரக் கையை விடுவார். அந்தக் கைக்குப் பக்கத்தில் 230 வோல்ட் இருக்கக்கூடாது. 230 வோல்ட் வேலையைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, வயரிங் விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சி.ஓ.சி. சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

மூடிக்கு வருகிறேன். கோயில் கமிட்டிக்காரர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். காவடி நாளில் அந்த மூடிமேல் யார் நடக்கிறார்கள்? மஞ்சள் தண்ணீரில் நனைந்த காலோடு, செருப்பில்லாமல், ஆயிரக்கணக்கான பேர். அங்கே இரும்பு மூடி எனக்குச் சம்மதமில்லை. உள்ளே ஒரு வயர் உரசினால் மூடி முழுக்க மின்சாரம் ஏறும். தை மாத வெயிலில் பாதத்தையும் சுட்டுவிடும். அதோடு, நம் ஊரில் இரும்பு மூடி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது, பள்ளம் மட்டும் மிச்சம். பாலிமர் கான்கிரீட் மூடி போடுங்கள். அதைத் திருடி விற்றுக் காசாக்க முடியாது.

தாங்கும் எடை மூடியிலேயே பொறித்திருக்கும். ஏ15 என்றால் ஏறக்குறைய ஒன்றரை டன், ஆள் நடக்கும் இடத்துக்கு. பி125 என்றால் பன்னிரண்டரை டன், கார் நிற்கும் இடத்துக்கு. தேர் போகும் பாதைக்கு? கணக்குப்படி பி125 தாங்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் எடையை அகலமான ஒரு கட்டை வைத்து அழுத்துகிறார்கள். தேரின் இரும்புச் சக்கரமோ குறுகலான விளிம்பில் முழுப் பாரத்தையும் இறக்கும். ஒரு கோயிலில் மூடி பிளந்து சக்கரம் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வடம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதனால் தேர்ப் பாதையில் பெட்டியே வைக்காதீர்கள். பத்து மீட்டர் கேபிள் கூடுதலாகப் போனாலும் சுற்றிக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே பெட்டி புதைத்திருப்பவர்கள், அடுத்த பெரிய மழைக்கு மறுநாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். அடி இல்லாத பெட்டியில் தண்ணீர் இன்னும் நின்றால் ஜல்லி போதவில்லை. தோண்டி இன்னும் ஒரு வாளி கொட்டுங்கள். வணக்கம்.