சர்க்கரை நோயாளியின் தமனிக்குச் சீன மூலிகை

நேயர்களுக்கு வணக்கம். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் தமனிகளில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து இரத்த ஓட்டம் குறையலாம். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். நரம்பு மரத்துப்போனவர்களுக்கு அந்த வலிகூடத் தெரிவதில்லை. கால் விரல் கறுத்த பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள்.

விரல் கறுத்து அழுகும் இந்த நோய்க்குச் சீனர்கள் இன்றும் காய்ச்சிக் கொடுக்கும் கஷாயம் ஒன்று உண்டு. பெயர் 'சி மியாவ் யோங் ஆன் தாங்'. 1846ஆம் ஆண்டின் மருந்துத் தொகுப்பு ஒன்றில் அது இருக்கிறது. நான்கே சரக்குகள்: ஹனிசக்கிள் பூ, சுவான்ஷென் வேர், டாங்குயி வேர், நமக்குத் தெரிந்த அதிமதுரம். அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஒரு முறை காய்ச்ச, இன்றைய எடையில் கால் கிலோவுக்கு மேல் சரக்கு! அதிமதுரம் அதிகமானால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். சர்க்கரையோடு இரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு இது விளையாட்டல்ல.

சீன மருந்துகளையெல்லாம் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குபவன் அல்லன் நான். 2023இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வைப் பாருங்கள். கடும் மாரடைப்பு வந்த சுமார் 3,800 பேரில் பாதிப் பேருக்கு 'டோங்சின்லுவோ' மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. அட்டையும் தேளும் பூரானும்கூடச் சேர்ந்த மருந்து அது. இதய நோயால் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் முப்பது நாளில் போலி மாத்திரைக்காரர்களில் 5.2 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 3.4. நல்ல வித்தியாசம்தான். ஆனால் இரு தரப்பினருக்கும் வழக்கமான மாரடைப்புச் சிகிச்சை நடந்துகொண்டேதான் இருந்தது. மேலும் அது இதயத் தமனிக்கான ஆய்வு; காலுக்கு அப்படியே பொருத்த முடியாது. இதைக் காட்டி ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்பவர் ஆய்வைப் படிக்கவில்லை.

டான்ஷென் என்ற சீன மூலிகை வேரும் தமனி நோய்க்குப் பெயர்பெற்றது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர் அதையும் சேர்த்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது 'சியாவ்கே' என்ற, சர்க்கரை நோய்க்கான சீன மாத்திரை. மூலிகைகளோடு சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்தும் அதில் உண்டு. களவாகக் கலந்ததன்று, சீன அரசின் அனுமதியோடு சேர்ப்பது. ஒரு மாத்திரையில் கால் மில்லிகிராம். பத்து மாத்திரை விழுங்கினால் இரண்டரை மில்லிகிராம். பச்சிலைதானே என்று தமது வழக்கமான சர்க்கரை மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்கும் முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்த்து, பேச்சுக் குழறி, மயங்கிவிடுவார். சர்க்கரைத் தண்ணீரில் தெளிந்துவிட்டாரே என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். இந்த மருந்தால் சர்க்கரை மணிக்கணக்கில் மீண்டும் மீண்டும் இறங்கும். அந்த மாத்திரைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வணக்கம்.