கிருமி வருமுன் மரத்தை விழிக்கச் செய்தல்

நேயர்களுக்கு வணக்கம். ஆண்டுப் பயிரை மாற்றி விதைப்பதுபோலப் பழமரத்தை மாற்றி நட முடியாது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் ஆப்பிள் மரத்தில், சொறி நோயின் பூசணம் உதிர்ந்த சருகுகளிலும், தீக்கருகல் நோயின் பாக்டீரியா பட்டைப் புண்களிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, தளிரும் பூவும் வரும் வேளையில் மீண்டும் தாக்குகின்றன. ஒரே பருவத்தில் பலமுறை மருந்து தெளிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் மரம் வெறுமனே தாக்குதலை ஏற்றுக்கொண்டு நிற்பதில்லை. பூசணத்தின் செல்சுவரிலுள்ள கைட்டின் துணுக்குகளை இலைச் செல்கள் அடையாளம் கண்டு, தம் சுவரைத் தடிப்பாக்கி, பூசணச் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. 1961இல் ஃபிராங்க் ராஸ் என்னும் ஆய்வாளர், புகையிலைச் செடியின் சில இலைகளில் தேமல் வைரஸைத் தொற்றச் செய்தபோது, தொற்றாத மற்ற இலைகளும் அந்த வைரஸை எதிர்க்கும் திறன் பெற்றதைக் காட்டினார். செடி முழுவதும் பரவும் இந்த எதிர்ப்பில், செடியே உருவாக்கிச் சைகைப்பொருளாகப் பயன்படுத்தும் சாலிசிலிக் அமிலத்திற்கு முக்கியப் பங்குண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

நோயே இல்லாமல் இந்த விழிப்பை உண்டாக்கலாம் என்பதுதான் பழத்தோட்டத்திற்கு நம்பிக்கை தரும் செய்தி. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் லேமினாரின், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான் போன்ற தூண்டுபொருள்கள் கிருமியை நேரடியாகக் கொல்வதைவிட, கிருமி வந்துவிட்டதாக மரத்தை உணரவைப்பதையே பெரிதும் செய்கின்றன. அதனால்தான் நோய் கண்ட பிறகு தெளித்தால் பயன் மிகக் குறைவு. பாதுகாப்பு உருவாகச் சில நாள்கள் ஆகும், பின்னர் விரியும் புதிய இலைகளுக்கு மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும். பூசணக்கொல்லிக்குப் பழகியவர்கள் இதை அதே வேகத்தில் எதிர்பார்த்து ஏமாந்து கைவிடுவதை நான் வருத்தத்தோடு நினைக்கிறேன், ஏனெனில் பிழை பெரும்பாலும் பொருளில் இல்லை, தெளித்த நாளில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்ப்புக்கு மரம் தன் சர்க்கரையையும் ஆற்றலையும் செலவிடுகிறது. அளவு மீறித் தூண்டினால் வளர்ச்சி குன்றும். இலை தின்னும் புழுக்களை எதிர்க்க மரம் நம்பியிருக்கும் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் மற்றொரு சைகைப்பொருளின் பாதையைச் சாலிசிலிக் அமிலப் பாதை பல வேளைகளில் மட்டுப்படுத்துவதால், ஒரு பகைக்கு எதிராக எழுப்பிய மரம் மற்றொன்றுக்கு இளகிப்போகவும் கூடும். மேலும், தழைச்சத்தை மிகுதியாகக் கொடுத்து மென்மையான தளிர்களை வளரவிட்டால், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் தீக்கருகலுக்கும் நாமே வழி திறந்துவிட்டு, தூண்டுபொருளின் மீது குறை சொல்வதாகும். சருகை அகற்றுவதும் புண்பட்ட கிளையைக் கவாத்து செய்வதும் கிருமியின் அளவைக் குறைப்பதால், தூண்டுபொருள் தரும் முழுமையற்ற எதிர்ப்பே போதுமானதாகலாம்.

மருந்தைக் குறைக்க விரும்புவோர் முதல் ஆண்டில் தோட்டம் முழுவதையும் மாற்ற வேண்டாம். சில வரிசைகளில் தூண்டுபொருளும் குறைந்த தெளிப்பும், அருகிலுள்ள வரிசைகளில் வழக்கமான தெளிப்பும் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு இலைகளை வாரந்தோறும் புரட்டிப் பார்த்துப் புள்ளிகளை எண்ணிக் குறித்து வாருங்கள். அடுத்த பருவத்தில் எத்தனை தெளிப்பை விடலாம் என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டு முடிவு செய்யலாம். நன்றி, வணக்கம்.